மூட்டைப்பூச்சிக்கு மன்னிப்பு கேட்டார்கள், நான்கு இரவுகளை யாரும் கேட்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன், ஆனால் அது அறையில் மூட்டைப்பூச்சி இருந்ததற்காக இல்லை. மூட்டைப்பூச்சி எந்த ஹோட்டலுக்கும் வரலாம். யாரோ ஒருவருடைய பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடும், அறையை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் அதற்குக் கவலை கிடையாது, அதற்கு வேண்டியது கொஞ்சம் ரத்தமும் ஒளிந்துகொள்ள ஒரு இடுக்கும்தான். நான் நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்கு அப்புறம் நடந்ததற்காக. பூச்சி விஷயத்தை ஹோட்டல்காரர்கள் ஒரே ராத்திரியில் சரியாகக் கவனித்தார்கள். ஆனால் அந்த ராத்திரியிலும் கிளம்புகிற அன்றும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் செய்த இரண்டு மாற்றங்களால், தங்குகிற இரவுகளை எண்ணிச் சலுகை தருகிற ஹோட்டல் குழுமத்தின் திட்டத்தில் என் உறுப்பினர் கணக்கில் நான்கு இரவுகள் காணாமல் போயின. அதைத் திரும்ப வாங்க ஏழு வாரம் அலைந்தேன், பாதிதான் கிடைத்தது.

ஹோட்டல் பெயரை எழுதப் போவதில்லை. அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் நல்லவர்கள், பெயரைப் போட்டால் அவர்கள் தலையில்தான் விடியும்.

வேலை விஷயமாக நான்கு இரவுகள் தங்க வேண்டியிருந்தது, அம்மாவையும் கூட அழைத்துப் போயிருந்தேன். அறையை அந்த ஹோட்டல் குழுமத்தின் ஆப்பிலேயே பதிவு செய்தேன், என் உறுப்பினர் எண்ணோடு. அந்த வருஷக் கணக்கில் அதுவரை 22 இரவுகள் சேர்ந்திருந்தன. 25 ஆனால்தான் திட்டத்தில் இப்போது எனக்கு இருக்கிற நிலை, அதாவது அதிக இரவுகள் தங்குபவர்களுக்குக் கூடுதல் சலுகை தருகிற தரம், அடுத்த வருஷமும் தொடரும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த நிலையில் எனக்கு முக்கியமானது ஒன்றே ஒன்றுதான்: கடைசி நாளில் சாயங்காலம் நான்கு மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம். நான் வேலை முடித்து வரும்வரை அம்மா கால் நீட்டிப் படுத்திருக்க முடியும். இல்லையென்றால் முட்டிவலியோடு லாபி சோபாவில் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் 22 ப்ளஸ் 4, 26, ஒன்று அதிகமாகவே இருக்கிறது என்று நிம்மதியாகப் போனேன்.

இரண்டாவது ராத்திரி 2.40-க்கு அம்மா என்னைத் தட்டி எழுப்பினார். "லைட்டைப் போடு, ஏதோ கடிக்குது."

முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, கோடு போட்டது மாதிரி. நான் கொசு என்றேன். "கொசு இப்படி வரிசையா கடிக்காது, மெத்தையைத் தூக்கிப் பாரு" என்றார். செல்போன் டார்ச்சைப் போட்டு, தலைமாட்டு மூலையில் விரிப்பை உருவிவிட்டு, மெத்தையின் ஓரத்தில் கயிறு மாதிரி தடித்து ஓடுகிற தையலை விரலால் பிரித்துப் பார்த்தேன். கறுப்புப் பேனாவால் தொட்டுத் தொட்டு வைத்தது மாதிரி புள்ளிகள். ஈரமான டிஷ்யூவால் ஒன்றைத் துடைத்தேன், பழுப்புச் சிவப்பாக இழுபட்டது. அது அழுக்கு இல்லை, பூச்சி குடித்துச் செரித்த ரத்தம். இரண்டு அங்குலம் தள்ளி பூச்சியே இருந்தது. ஆப்பிள் விதை அளவு, அரை சென்டிமீட்டர் இருக்கும், நன்றாகக் குடித்து உப்பிப்போய் ஓடமுடியாமல் மெதுவாக நகர்ந்தது. அதன் பக்கத்தில் வைக்கோல் நிறத்தில் குட்டிகள் இரண்டு, அப்புறம் காலியான தோல் கூடுகள், சிறிதும் பெரிதுமாக நான்கைந்து.

அந்தக் கூடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் ஹோட்டல்கள் சொல்கிற முதல் பதில், "உங்க பெட்டியில வந்திருக்கும் மேடம்" என்பதுதான். முட்டையிலிருந்து வந்த குஞ்சு முழுப்பூச்சி ஆவதற்குள் ஐந்து தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவை உரிப்பதற்கு முன்னாலும் ஒரு தடவையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். எல்லாம் வாய்ப்பாக அமைந்தாலும் அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். நாங்கள் வந்து முப்பது மணி நேரம்கூட ஆகவில்லை. பல அளவுகளில் தோல் கிடக்கிறது என்றால் எங்களுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் எல்லோரையும் அது கடித்து வளர்ந்திருக்கிறது. பூச்சியை நசுக்காமல் கண்ணாடி டம்ளருக்குள் தள்ளி, மேலே ஒரு தாளை வைத்து மூடி, பேனாவை வைத்து அளவு தெரிகிற மாதிரி ஏழெட்டுப் படம் எடுத்தேன். நீங்களும் நசுக்காதீர்கள், துர்நாற்றம் வரும் என்பது மட்டுமில்லை, உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

இன்னொரு விஷயம். அதே கட்டிலில் படுத்த எனக்கு அன்றைக்கு ஒரு தடிப்பும் இல்லை. நான்காம் நாள்தான் முதுகில் அரிப்பு ஆரம்பித்தது. சிலருக்குக் கடித்து பதினான்கு நாள் கழித்துக்கூட தடிப்பு தெரியலாம், சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் உடம்பில் தடிப்பைப் பார்த்துவிட்டு நேற்று படுத்த ஹோட்டலைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அது போன வாரம் படுத்த இடமாக இருக்கலாம். தடிப்பு சாட்சி ஆகாது, மெத்தைத் தையல்தான் சாட்சி. நோய் ஏதும் பரப்பும் என்ற பயமும் வேண்டாம், மூட்டைப்பூச்சி கடித்து மனிதனுக்கு நோய் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் தூக்கம் போய்விடும். அம்மா அதற்கப்புறம் மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, விரிப்பின் ஒரு நூல் உரசினாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் டியூட்டி மேனேஜரே வந்தார், இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும். டம்ளரைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், ஒரு வார்த்தை வாதாடவில்லை. "மன்னிச்சுக்குங்க மேடம். அம்மா, உங்களுக்கு டாக்டர் யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று அம்மாவைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார். இதற்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்க வழி இருந்தால் கொடுத்திருப்பேன்.

பக்கத்து அறை காலியாக இருக்கிறது, உடனே மாறிக்கொள்ளுங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். மூட்டைப்பூச்சிக்கு இறக்கை கிடையாது, ஆனால் ஸ்விட்ச் போர்டு ஓட்டை வழியாக, குழாய் போகிற சந்து வழியாக, சுவரோரம் நடந்தே அடுத்த அறைக்குப் போய்விடும். இடப்பக்கம், வலப்பக்கம், நேர் மேலே, நேர் கீழே, இந்த நான்கு அறைகளும் சந்தேகத்துக்குரியவை. இதைச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு, கட்டிடத்தின் மறுபக்கத்தில் மூன்று மாடி மேலே ஒரு அறையைக் கொடுத்தார். பெட்டிகளை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நான் அந்த மெத்தையையும் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் பெட்டி வைக்கிற மடக்கு ஸ்டாண்டின் பட்டைகளையும் டார்ச் அடித்துப் பார்க்கும் வரை வெளியே பொறுமையாக நின்றார். ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் பெரிய பிளாஸ்டிக் பைகளோடு வந்து எங்கள் துணி எல்லாவற்றையும் போட்டு வாயை முடிந்து லாண்டரிக்கு எடுத்துப் போனார். "டிரையர்ல முழுச் சூட்டுல அரை மணி நேரம் ஓட்டித் தரேன் மேடம், துவைக்கறதைவிட அதுதான் முக்கியம்" என்றார். சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார். தண்ணீரில் முக்கினால் இது எளிதில் சாகாது. 50 டிகிரி சூடு தாண்டினால் பூச்சி சீக்கிரம் சாகும், முட்டைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சூடு நிற்க வேண்டும்.

மறுநாள் அந்த அறையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேனேஜரைக் கேட்டேன். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் வந்து ஹீட்டர் வைத்து அறை முழுவதையும் சூடாக்குவார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள், அதுவரை யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்றார். அதுவும் சரிதான். மருந்து மட்டும் அடித்துவிட்டு அன்றைக்கே அறையை வாடகைக்கு விடுகிற இடங்கள் உண்டு. வழக்கமாக அடிக்கிற பைரித்ராய்டு மருந்துக்கு இந்தப் பூச்சிகள் பல இடங்களில் பழகிவிட்டன, முட்டைக்குள் மருந்து நுழைவதும் கஷ்டம். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரித்தால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு பெண்பூச்சி தன் ஆயுளில் இருநூறுக்கு மேல் முட்டை போடும், சாப்பாடு இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். அறையைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புது அறையில் மூட்டைப்பூச்சி இல்லை. பாத்ரூம் சுவரில் மட்டும் சாம்பல் நிறத்தில், மயிர் முளைத்த இறக்கையோடு, குட்டி அந்துப்பூச்சி மாதிரி நான்கைந்து ஈக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இது சாக்கடை ஈ, தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் படிந்திருக்கிற வழவழப்பான அழுக்கில் வளரும், கடிக்காது. அறை பல நாள் பூட்டிக் கிடந்திருக்கிறது என்பதற்கும் அது ஒரு அடையாளம். அந்த ஓட்டைக்குக் கீழே குழாய் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் சாக்கடை வாடையையும் கரப்பான்பூச்சியையும் தடுத்து நிறுத்துகிறது, யாரும் குளிக்காமல் கிடந்தால் அது வற்றிவிடும். இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன், ஹவுஸ்கீப்பிங்கில் சொல்லி பிரஷ் விட்டுத் தேய்க்கச் சொன்னேன், அடுத்த நாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இதற்கெல்லாம் நட்சத்திரம் குறைப்பது நியாயமில்லை.

கரப்பான்பூச்சி விஷயத்திலும் நான் இப்படித்தான் பார்ப்பேன். விரல் நீளத்தில் ஒரு பெரிய கரப்பான் பாத்ரூமிலிருந்து வந்தால், பெரும்பாலும் வெளியே சாக்கடையிலிருந்து தனியாக ஏறி வந்தது, அடித்துவிட்டு ஓட்டையை மூடினால் முடிந்தது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வெளிர்பழுப்புக் கரப்பான் என்றால் அது ஜெர்மன் கரப்பான். குட்டி ஃபிரிஜ்ஜின் மோட்டார் சூட்டுக்கும் கெட்டிலுக்கும் பக்கத்தில் குடியிருக்கும், ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது குஞ்சு. அதைப் பகலிலேயே பார்த்தீர்கள் என்றால் உள்ளே ஒளிய இடம் போதாத அளவுக்குக் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அறையை மாற்றச் சொல்லுங்கள், ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள். ஸ்ப்ரே அடித்தால் சிதறி அடுத்த அறைக்குப் போகும், அதற்கு, தின்றால் சாகிற விஷ ஜெல்தான் மருந்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு நாங்கள் அறை மாறியபோது ரிசப்ஷனில் ஒரு பையன் புதிதாக ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் கார்டை நீட்டினான். என் ஹேண்ட்பேக் பிளாஸ்டிக் பைக்குள் முடிந்து கிடந்தது, அம்மாவின் அடையாள அட்டைதான் கையில் இருந்தது. "யாரோடதா இருந்தாலும் பரவாயில்ல மேடம், சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றான். அம்மா கையெழுத்துப் போட்டார். நான் டைனிங் ஹால் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன், எப்போது படுப்போம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "முதல் ரெண்டு ராத்திரிக்கு உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம்" என்றார். பில்லில் அந்த இரண்டு நாளுக்கு எதிரே பூஜ்யம் போட்டுக் காட்டினார். மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் ஆனது, ஆப்பில் 22 என்றே இருந்தது. சில நாள் தாமதம் ஆகும் என்பது தெரிந்ததுதான், அதனால் பொறுத்தேன். இரண்டு வாரம் கழித்து, விடுபட்ட தங்கலைக் கோரும் படிவத்தில் பில்லை இணைத்து அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது. இந்தத் தேதிகளில் உங்கள் பெயரில் தகுதியுள்ள தங்கல் எதுவும் இல்லை.

நான்கு ராத்திரி படுத்திருக்கிறேன், அதில் ஒன்றரை ராத்திரி பூச்சியோடு. எதுவும் இல்லை என்கிறார்கள்.

என்ன நடந்தது என்பது குழுமத்தின் வாடிக்கையாளர் மையத்துக்கு நான்காவது தடவை போன் செய்தபோதுதான் புரிந்தது. அன்றைக்குப் பேசிய பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொன்னார். "மேடம், உங்க முதல் புக்கிங் ரெண்டு நைட்டோட க்ளோஸ் ஆயிருக்கு, ரேட் ஜீரோ. ஜீரோ ரேட்னா சிஸ்டம் அதைத் தங்கலாவே எடுக்காது. அடுத்த ரெண்டு நைட் வேற புக்கிங் நம்பர், வேற பேரு, மெம்பர் நம்பர் இல்ல, நேரடியா வந்து ரூம் எடுத்தவங்க மாதிரி போட்டிருக்காங்க."

அதாவது, என்னிடம் மன்னிப்பு கேட்பதற்காகப் போட்ட பூஜ்யமே முதல் இரண்டு இரவுகளை அழித்துவிட்டது. அவசரத்தில் போட்ட புதுக் கார்டு மற்ற இரண்டையும் அம்மா பெயருக்குக் கொண்டுபோய்விட்டது. அம்மாவுக்கு அந்தத் திட்டத்தில் கணக்கே கிடையாது.

இந்தத் திட்டங்கள் எப்படிக் கணக்குப் பார்க்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, எனக்கும் இத்தனை வருஷம் தெரியாது. நாம் அறையில் படுத்தோமா என்று யாரும் பார்ப்பதில்லை. பதிவு எண், அதில் இருக்கிற பெயர், உறுப்பினர் எண், அப்புறம் கட்டண வகை, இவைதான் மையக் கணினிக்குப் போகின்றன. வேறு ஒரு தளத்தின் வழியாக மலிவாகப் பதிவு செய்தால் பெரும்பாலான குழுமங்களில், இலவச இரவுகளுக்கு மாற்றிக்கொள்கிற புள்ளியும் கிடையாது, கணக்கில் இரவும் கிடையாது, அது பலருக்குத் தெரியும். இலவசமாக்கப்பட்ட இரவும் அதே கூடைக்குள்தான் விழுகிறது என்பது தெரியாது. கோளாறு ஹோட்டலுடையதுதானே என்று நாம் நினைப்போம், கணினிக்கு அது பூஜ்யம், அவ்வளவுதான். விமானக் கம்பெனிகளைப் பார்த்து ஹோட்டல்கள் ஆரம்பித்த திட்டங்கள் இவை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தை 1981-இல் தொடங்கியது, ஹாலிடே இன், மாரியட் ஹோட்டல்கள் தங்களுடையதை 1983-இல் தொடங்கின. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், பூச்சி வந்ததால் அறை மாறினார் என்று ஒரு ரிசப்ஷன் ஊழியர் குறித்து வைக்கவும், அது கணக்கைப் பாதிக்காமல் இருக்கவும் ஒரு வழி நான் தங்கிய குழுமத்தில் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அப்புறம் அலைக்கழிப்பு. மையத்தில் கேட்டால், ஹோட்டல் திருத்தி அனுப்பினால்தான் நாங்கள் சேர்க்க முடியும் என்கிறார்கள். ஹோட்டலில் கேட்டால், புள்ளி விவகாரம் எல்லாம் மையத்தில்தான், எங்கள் கையில் இல்லை என்கிறார்கள். மூன்று மின்னஞ்சல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் புதிதாக ஒருவர் எடுப்பார், நான் முதல் நாள் ராத்திரியிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். மூட்டைப்பூச்சி என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஒருவர் என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே இருந்தவர் நஷ்டஈடு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே, மறுபடி எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். நான் நஷ்டஈடு கேட்கவில்லை, தங்கிய இரவைத் தங்கினேன் என்று எழுதச் சொல்கிறேன் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "விடேன், போகட்டும்" என்றார். விட மனசு வரவில்லை.

ஐந்தாவது வாரம் அந்த டியூட்டி மேனேஜரை நேரடியாகப் பிடித்தேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், பூஜ்யம் போட்டால் இப்படி ஆகும் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே நடந்ததை எழுதி, அம்மா பெயரில் போட்ட பதிவு என்னுடையது என்று மையத்துக்கு அனுப்பினார், எனக்கும் ஒரு பிரதி வந்தது. ஏழாவது வாரம் இரண்டு இரவுகள் என் கணக்கில் ஏறின. முதல் இரண்டும் ஏறவில்லை, காசு கொடுக்காத இரவுகள் என்பதால் விதி இடம் கொடுக்காது என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாக 5,000 போனஸ் புள்ளி போட்டார்கள்.

அந்தப் புள்ளியை வைத்து எனக்கு ஒன்றும் ஆகாது. போனஸ் புள்ளி நிலைக் கணக்கில் சேராது. ஒரு இலவச இரவுக்கு எவ்வளவு புள்ளி என்பதையும் இன்றைக்குப் பல குழுமங்கள் நிலையாக வைப்பதில்லை, ஹில்டன் 2017-இலும் மாரியட் 2022-இலும் நிரந்தர அட்டவணையை எடுத்துவிட்டன, அன்றன்றைக்குத் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. கொஞ்ச காலம் கணக்கில் நடமாட்டம் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியும் ஆகிவிடும். எண்ணி வாங்க வேண்டியது இரவுகள்தான்.

இனிமேல் இப்படி ஒரு நிலைமை வந்தால் நான் பில்லைப் பூஜ்யமாக்க விடமாட்டேன். கட்டணத்தை அப்படியே வைத்துவிட்டு, திருப்பித் தருவதைத் தனியாகத் தாருங்கள் என்பேன், அல்லது ஒவ்வொரு இரவிலும் ஒரு பகுதியைக் குறையுங்கள், முழுதாக எடுக்காதீர்கள் என்பேன். அந்தப் போனில் பேசிய பெண்ணும் இதைத்தான் சொன்னார், மேனேஜரும் அடுத்த தடவை அப்படித்தான் செய்வேன் என்றார். அறை மாறும்போது, தூக்கம் எவ்வளவு கண்ணைச் சுழற்றினாலும், புதுப் பதிவு வேண்டாம், இருக்கிற பதிவிலேயே அறை எண்ணை மட்டும் மாற்றுங்கள் என்று நின்று சொல்லுங்கள். கிளம்பும்போது பில்லில் உங்கள் பெயரும் உறுப்பினர் எண்ணும் எல்லா இரவுகளும் ஒரே பதிவு எண்ணின் கீழ் இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே பாருங்கள். அங்கே நிற்கும்போது இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிடக்கூடியதை வீட்டுக்கு வந்த பிறகு யாரும் மாற்றித் தருவதில்லை. பில்லை எறிந்துவிடாதீர்கள். விடுபட்ட தங்கலைக் கோர ஒரு கெடு உண்டு, அது ஒவ்வொரு குழுமத்துக்கும் வேறு, உங்களுடையதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகவில்லை, பாத்ரூம் ஓடு மேலேயே திறந்தேன். துணி எல்லாம் மறுபடி டிரையரில் அரை மணி நேரம். சூடு தாங்காத சாமான்கள், அம்மாவின் கைப்பை, என் புத்தகங்கள், செருப்பு, இவற்றைப் பையில் கட்டி ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தேன். ஃபிரீசர் அவ்வளவு குளிர்கிறதா என்பதைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது, குளிர் போதாவிட்டால் பூச்சி சும்மா உறங்கிக் கிடந்துவிட்டு எழுந்துவிடும். வெயிலில் காயப்போட்டால் போதும் என்பதை நம்பாதீர்கள், பெட்டியின் வெளிப்பக்கம் கொதித்தாலும் உள்ளே தையலுக்குள் அந்தச் சூடு போகாது. காலிப் பெட்டியை வேக்வம் அடித்து, ஜிப்பை ஒட்டிய மடிப்பையெல்லாம் பார்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக எங்கள் மெத்தையை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறோம். எதுவும் இல்லை.

அறைக்கு மூன்று, ஊழியர்களுக்கு ஐந்து, உறுப்பினர் திட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் போட முடியும் என்பதால் இரண்டு போட்டேன். அந்த மேனேஜர் இருக்கும்வரை அதே ஹோட்டலில் மறுபடி தங்கவும் எனக்குத் தயக்கம் இல்லை, போனதும் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பேன், அவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் இரண்டு இரவுகளுக்காக மறுபடி எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை மெத்தைப் படங்களையும் மேனேஜரின் கடிதத்தையும் சேர்த்து. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு வருஷக் கணக்கு முடிகிறது, அதற்குள் எனக்கு வேறு பயணம் இல்லை. இன்றைக்குக் காலையிலும் ஆப்பைத் திறந்து பார்த்தேன், 24 என்று இருக்கிறது.